100 மி.லி. கண்ணாடி வாயு சிரிஞ்சு: வினைவேகம் அளக்க வாங்கலாமா?

மெக்னீசியமும் அமிலமும் சேர்ந்து விடும் ஹைட்ரஜனைத் தராசில் வைத்துப் பின்தொடர முடியாது. 0.07 கிராம் மெக்னீசியத்திலிருந்து வருவது 0.006 கிராம் வாயுதான். இரண்டு தசமத் தராசில் அது தெரியவே தெரியாது. கன அளவாகப் பார்த்தால் அதே வாயு 30 டிகிரி செல்சியஸில் 70 மி.லி.க்குச் சற்று மேல். வரும் வாயு தண்டைத் தள்ள, எத்தனை மி.லி. என்று காட்டும் வாயு சிரிஞ்சின் பயன் இங்கேதான்.

கண்ணாடி வகையின் பெரிய பலம் உராய்வு குறைவு. பிளாஸ்டிக் ஊசிக்குழலில் ரப்பர் முனை ஒட்டிக்கொண்டு நிற்கும், உள்ளே அழுத்தம் ஏறியதும் குதிக்கும். வரைபடம் வளைகோடாக வராமல் படிக்கட்டாக வரும். மொத்த வாயு எவ்வளவு என்று மட்டும் பார்க்க அது போதும். வேகம் வேண்டுமென்றால் கண்ணாடிதான்.

வாங்கும் இடத்திலேயே சோதித்துவிடலாம். முனை கீழே இருக்கும்படி நேராகப் பிடித்தால் தண்டு தன் எடையாலேயே வழுக்கி இறங்க வேண்டும். முனையை விரலால் அடைத்தால் காற்றின் மேல் நிற்க வேண்டும். முதலாவது தவறினால் இறுக்கம், இரண்டாவது தவறினால் கசிவு. ஜோடியாக அரைத்த வகையில் உருளைக்கும் தண்டுக்கும் ஒரே எண் இருக்கும். கழுவும்போது ஜோடி மாறினால் இரண்டு சிரிஞ்சும் கெட்டதாகவே நடந்துகொள்ளும். எண்ணெய், கிரீஸ் எதுவும் தடவ வேண்டாம். உலர்ந்திருந்தால் போதும், ஒரு துளி அமிலம் உள்ளே போனாலும் தண்டு ஒட்டும். அதனால் குடுவைக்கும் சிரிஞ்சுக்கும் நடுவே குழாய் கொஞ்சம் நீளமாக இருக்கட்டும். தாங்கியில் கிடைமட்டமாகப் பிடியுங்கள், பிடியை அதிகம் முறுக்காதீர்கள்.

அளவில் வரும் பிழைகள் பெரும்பாலும் குடுவைப் பக்கத்தில் பிறப்பவை. அடைப்பானை அழுத்தும்போதே சில மி.லி. காற்று தண்டைத் தள்ளிவிடும்; அதைத் தொடக்க அளவாகக் குறித்துக் கழிக்க வேண்டும். மெக்னீசிய நாடாவை அமிலத்தில் போட்டுவிட்டு அடைப்பதற்குள் தப்பும் வாயு இன்னும் மோசம், ஏனென்றால் வேகம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான். நாடாவைச் சிறு குப்பியில் வைத்து அமிலத்துக்கு மேல் நூலில் தொங்கவிட்டு, அடைத்த பிறகு குடுவையைச் சாய்த்தால் தீர்ந்தது. நாடாவை நீளத்தால் அளக்காமல் எடை போடுங்கள், ஆக்சைடு படலத்தை உப்புத்தாளால் தேய்த்த பின். 0.09 கிராமுக்கு மேல் போனால் 100 மி.லி. போதாது.

விளக்கத்தாள்களில் பெரும்பாலும் காணாத விஷயம் வெப்பம். 50 மி.லி. அமிலத்தில் 0.07 கிராம் கரைந்தால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி உயரும். பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்கும் என்ற தோராயக் கணக்கில் இது ஒன்றரை மடங்கு! அமிலம் 0.5 மோலார் என்றால் அதில் கால் பங்கு செலவாவதால் செறிவும் கூடவே இறங்கும். ஆகவே முழு ஓட்டத்தின் சராசரி எதையும் சொல்லாது. 10 நொடிக்கு ஒரு முறை குறித்து, வரைபடத்தின் தொடக்கச் சாய்வை மட்டும் ஒப்பிடுங்கள். அமிலத்தை 100 மி.லி. ஆக்கினால் வெப்ப உயர்வு பாதியாகும்.

ஆக்சிஜனுக்கும் இது நன்றாக உழைக்கும்: மருந்துக்கடை 20 வால்யூம் (ஒரு மி.லி. சுமார் 20 மி.லி. ஆக்சிஜன் தரும்) ஹைட்ரஜன் பெராக்சைடு 4 மி.லி., தண்ணீர் 46 மி.லி., மாங்கனீசு டைஆக்சைடு ஒரு சிட்டிகை. வருவது 80 மி.லி. அளவில். வினையூக்கிகளை ஒப்பிட இதைவிட எளிய ஏற்பாடு இல்லை. சுண்ணாம்புக்கல்லும் அமிலமும் என்றால் கார்பன் டைஆக்சைடு அமிலத்திலேயே கரைந்து முதல் அளவுகள் குறைந்து காட்டும். அமிலத்தில் முன்னதாகவே சில கல் துண்டுகளைக் கரைத்து நிறைவாக்கிக்கொள்ளலாம். இல்லையேல் தராசுக்கு மாறிவிடலாம், இந்த வாயு கனமானது.

ஆய்வகத்துக்கு ஒன்றிரண்டு கண்ணாடி, மாணவர் கைக்குப் பிளாஸ்டிக் என்று பிரித்து வாங்குவது நல்லது. தண்டின் கைப்பிடியை உருளையோடு நைலான் நூலால் கட்டிவிடுங்கள். 100 தாண்டித் தெறித்தால் தரையில் விழுந்து உடைவது விலை அதிகமான பாதி.