முயல் கூடும் மகளின் முட்டும்: இரண்டரை ஆண்டு அனுபவம்

பரந்தனுக்குக் கிழக்கே, வயற்கரையில் இருக்கிறது எங்கள் வீடு. வீட்டுத்திட்டத்தில் கட்டிய இரண்டு அறைகள், முன்னால் ஒரு விறாந்தை. 2023 தைப்பொங்கல் முடிந்த கையோடு, அப்போது ஏழு வயதாக இருந்த மகளுக்கு ஒரு சோடி வெள்ளை முயல்கள் வாங்கிக் கொடுத்தோம். வெளியே விட்டால் இரவில் கீரியும் நாயும் விட்டுவைக்காது என்று பயந்து, கூட்டை அவள் படுக்கும் அறையிலேயே வைத்தோம்.

முதலில் காலைத் தும்மலும் கண் கடியும்தான். சோழகக் காற்றுத் தொடங்கியதும் இரவு இருமல் சேர்ந்தது. புழுதியால் வருகிறது என்று நினைத்து, மருந்துக் கடையில் மூன்று தடவை இருமல் பாணி வாங்கிக் கொடுத்தேன். ஆவணியில் ஒரு விடியப்புறம் அவள் எழுந்து குந்தியிருந்து மூச்சை இழுத்தபோது, ஒவ்வோர் இழுவைக்கும் தொண்டைக்குழி உள்ளே போய் வந்ததைப் பார்த்த பிறகுதான் அது முட்டு (ஆஸ்துமா) என்று விளங்கியது. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, கிளினிக்குக்குத் துண்டு எழுதித் தந்தார்கள்.

கிளினிக்கில் வாயால் உள்ளிழுக்கும் மருந்துப் பம்ப் இரண்டு தந்தார்கள். நீல நிறத்தது சல்பியூட்டமோல். இறுகிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் தளர்த்தும். மண்ணிறத்தது பெக்லோமெதசோன், உள்ளேயுள்ள அழற்சியை மெல்ல மெல்லத் தணிக்கும், ஆகையால் சுகமாக இருக்கும் நாளிலும் காலையும் மாலையும் எடுக்க வேண்டும். இதில்தான் நான் பெரிய பிழை விட்டேன். "பம்ப் பழகினால் பிறகு விடேலாது பிள்ளை" என்று மாமி சொன்னதைக் கேட்டு, இழுப்பு வரும் நாளில் மட்டும் மண்ணிறப் பம்பை அடித்துவிட்டு, பலனில்லை என்று முடிவு கட்டினேன். தொடர்ந்து எடுத்தாலும் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் மருந்து அது. பழக்கமாகிவிடும் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை.

மார்கழி விடுமுறையில் மகள் யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் பத்து நாட்கள் நின்றாள், ஒருநாளும் இருமவில்லை. திரும்பி வந்த இரண்டாம் இரவே இழுப்பு வந்தது. இதைச் சொன்னதும் வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "வீட்டுக்குள்ளே என்ன வளர்க்கிறீர்கள், அம்மா?" என்பதுதான். முயல் என்றேன். அதன் முடிதான் காரணமாக இருக்கும் என்று எண்ணினேன். ஒவ்வாமையைத் தூண்டுவது முயலின் உமிழ்நீரிலும் சிறுநீரிலும் தோற்பொடியிலும் உள்ள புரதங்கள் என்று அவர் விளக்கினார். முயல் நாள் முழுவதும் தன்னை நக்குவதால் அவை முடியில் ஒட்டிக் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத பொடியாகக் காற்றில் மிதக்கின்றன. அன்று மாலை யன்னல் வெயிலில் கூட்டைத் தட்டிப் பார்த்தேன். எழுந்த வெண்பொடி நேரே அவளுடைய நுளம்பு வலைப் பக்கமாகவே போனது.

2024 தையில் கூட்டை வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். மூன்றடிக் கால், நெருக்கமான கம்பிவலை, மேலே கிடுகு. முயல் வெக்கை தாங்காது என்பதால் பங்குனி, சித்திரையில் நண்பகலில் ஈரச்சாக்குப் போடுகிறோம். கூடு துப்புரவாக்குவதும் முடி வாருவதும் முகக்கவசத்துடன் தகப்பனின் வேலை. மகள் அறுகம்புல் கொடுக்கலாம். ஆனால் கை கழுவாமலும் சட்டை மாற்றாமலும் படுக்கைக்குப் போகக்கூடாது. அறையைத் தும்புத்தடியால் கூட்டுவதை அடியோடு நிறுத்தி, ஈரத்துணியால் மட்டும் துடைக்கிறேன். மெத்தையை வெயிலில் போட்டு, விரிப்புகளைச் சுடுநீரில் தோய்த்தேன்.

முதல் மூன்று வாரங்களில் ஒரு மாற்றமும் இல்லை. முயல்களைக் கொடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தோம். ஆனால் விலங்கு வெளியேறினாலும் அதன் புரதம் சுவரிலும் துணியிலும் தங்கியிருக்கும். பூனையுடையது மாதக்கணக்கில் நிற்கும். கொப்பியில் நான் குறித்துவந்த இழுப்பு இரவுகள் மாசியில் ஆறு, சித்திரையில் இரண்டு, வைகாசியில் ஒன்றுமில்லை. கூடு மாறியதாலா, மண்ணிறப் பம்பை ஒழுங்காக எடுத்ததாலா என்று என்னால் பிரிக்க முடியாது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன.

உறவினர் ஒருவர் இரவல் தந்த காற்றுச் சுத்திகரிப்பான் எங்களுக்கு உதவவில்லை. பூட்டிய அறைக்கென்று செய்த இயந்திரம் அது. எங்கள் ஓட்டுக்கூரையின் கீழே நாற்புறமும் இடைவெளி, யன்னலைச் சாத்தினால் வெக்கையில் பிள்ளை தூங்கமாட்டாள். முயலைக் குளிப்பாட்டுங்கள் என்றவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள், குளிரிலும் பயத்திலும் அது செத்துவிடக்கூடும்.

பம்புடன் பூட்டும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை உள்ளே துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிவிடும். சவர்க்கார நீரில் அலசி, தானாகக் காயவிட வேண்டும். மருந்து எடுத்ததும் வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெண்படை வரக்கூடும். எங்களுக்கு ஒருமுறை வந்தது.

முட்டு முற்றாகப் போய்விடவில்லை. காலபோக அறுவடையில் நெற்சுனை பறக்கும் நாட்களிலும், குசினியில் ஈரவிறகு புகையும்போதும் நீலப் பம்ப் தேவைப்படுகிறது. போன கிளினிக்கில் மண்ணிறத்தின் அளவைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள். முயல்கள் வேப்பமரத்தடியில்தான் நிற்கின்றன. பள்ளிக்கூடத்தால் வந்ததும் மகள் புல்லோடு அங்கேதான் ஓடுகிறாள்.