மூன்ஸ்டர்லாண்ட் பண்ணைக்கடைப் பன்றி இறைச்சி: வெடுக்கில்லை, விலைதான் கூட

ஜேர்மனியில வீட்டில பன்றிக்கறி காய்ச்சுற எங்கட ஆக்களுக்காக எழுதுறன். கடை டோட்முண்டுக்கு வடக்கால, மூன்ஸ்டர்லாண்ட் பக்கம். பண்ணைக்காரரும் மனுசியும் மட்டும் நடத்துறது. பேர் போட்டால் கூட்டத்தைச் சமாளிக்க ஏலாது எண்டினம், அதால போடேல்ல.

வாங்கினது தோள்த்துண்டும் வயித்துத்துண்டும். சட்டியில கொழுப்பு உருகத் தொடங்கேக்க மூத்திர வெடுக்கு வரேல்ல. எனக்கு அது போதும். முந்தி வேற ஒரு இறைச்சிக்கடையில வாங்கின துண்டுக்குக் கொறுக்காய்ப்புளி, கறுவா, வறுத்த தூள் எல்லாம் போட்டும் வெடுக்கு அடங்கேல்ல. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்க, எங்கட வீட்டுக்காரர் ரண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டவர். நடிப்பில்லை. அது நலமடிக்காத ஆண் பன்றியில வாற மணம், காரணம் ரண்டு சாமான். விதையில உண்டாகிற அன்ட்ரொஸ்டினோன் சில பேருக்குப் பிறப்பிலேயே மூக்கில பிடிபடாது. குடலில உண்டாகிற ஸ்கட்டோல் அநேகமா எல்லாருக்கும் மணக்கும். ரண்டும் கொழுப்பில போய்ப் படிஞ்சிருந்து, சூடு பட்டவுடன கிளம்பும்.

இதுக்குப் பயந்துதான் ஆண் குட்டியளைப் பிறந்த ஒரு கிழமைக்குள்ள நலமடிக்கிறவை, அதுவும் கனகாலமா மயக்கம் குடுக்காமலே. ஜேர்மனியில மயக்காமல் நலமடிக்கிறது 2019 இலயே நிண்டிருக்க வேணும். ரண்டு வருசம் தள்ளிப்போட்டு, 2021 ஜனவரி 1 இலதான் தடை வந்தது. இப்ப சில பண்ணையில ஐசோஃப்ளூரேன் வாயுவால மயக்கிப்போட்டு விதையை வெட்டுறவை. சில பேர் வெட்டாமலே வளக்கினம். தீன் குறையத் திண்டு சதை நல்லாப் போடும், ஆனால் வளர வளர ஒண்டில ஒண்டு ஏறும், சண்டை பிடிக்கும். வெடுக்குள்ளதை, இறைச்சிக்கு அறுக்கிற இடத்தில மணந்து பாத்துத்தான் பிரிக்கவேணும்.

இந்தப் பண்ணையில கத்தியே இல்லை, ஊசிதான். ஹோர்மோனோ எண்டு கேட்டன். தடுப்பூசி மாதிரி எண்டார் பண்ணைக்காரர். விதையை வேலைசெய்யச் சொல்லி மூளை அனுப்புற சுரப்பைப் பன்றியின்ர உடம்பே எதிர்த்து மறிக்குதாம். நாலு கிழமையாவது இடைவெளி விட்டு ரண்டு ஊசி. ரண்டாவது, இறைச்சிக்கு அறுக்கிறதுக்கு நாலில இருந்து ஆறு கிழமைக்கு முதல். அதுக்குப் பிறகு விதை சுருங்கும், சண்டை குறையும், தீனும் கூட எடுக்கும். ஊசி தப்பின பன்றியைக் கண்டுபிடிச்சுத் திரும்பக் குத்துறதுதான் கரைச்சலாம். மருந்தின்ர பேர் இம்ப்ரோவாக். ஒஸ்ரேலியாவில 1998 இல இருந்து இருக்கு, ஐரோப்பிய ஒன்றியம் 2009 இல அனுமதிச்சது. இருந்தும் இஞ்ச கனபேர் தொடமாட்டினம். சனம் 'ஊசி போட்ட இறைச்சி' எண்டு சொல்லிப்போடும் எண்ட பயம். மயக்காமல் வெட்டினதை இவ்வளவு காலமும் திண்ட சனத்துக்கு இதில என்ன அருவருப்போ தெரியேல்ல.

இனி இறைச்சி. தோள்த்துண்டு அருமை. தண்ணி விட்டுச் சுருங்கேல்ல, கறுப்புக்கறிக்குப் பதமா வெந்தது. வயித்துத்துண்டில கொழுப்பு நான் எதிர்பாத்ததை விட மெல்லிசு. பொரிச்சுத் திங்கிற ஆக்களுக்குக் காணாது. விலை சுப்பர்மார்க்கட்டை விட ஏறக்குறைய ரண்டு மடங்கு. மாசத்தில ஒருக்கா எண்டால் சரி, கிழமைக்குக் கிழமை கட்டாது.

சுப்பர்மார்க்கட்டில இருக்கிற பெரிய குறை, பைக்கற்றைப் பாத்து ஒண்டும் பிடிக்க ஏலாது. ஹால்டுங்ஸ்ஃபோம் எண்டு 1 இல இருந்து 5 வரை போடுற இலக்கம் பன்றிக்கு எவ்வளவு இடம், வைக்கோல் இருக்கோ, வெளிக்காத்து இருக்கோ எண்டு சொல்லும். வெட்டினதோ, ஊசியோ, முழு ஆணோ எண்டு அதில இராது. பண்ணைக்கடையில வாய் விட்டுக் கேக்கலாம். உங்கட பக்கம் இருக்கிற கடையில கேட்டுப் பாருங்கோ, உண்மையா வளக்கிறவை மறைக்காமல் சொல்லுவினம்.

இஞ்ச போறதெண்டால் காசாக் கொண்டு போங்கோ, காட் எடுக்கமாட்டினம். தோலோட வேணுமெண்டால் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லவேணும். இல்லாட்டி உரிச்சுப்போட்டுத்தான் வைப்பினம்.