முழுப் பத்மாசனமா, அரைப் பத்மாசனமா?

யாழ்ப்பாணத்தில் யோகா பழக வரும் பலர் முதல் கிழமையிலேயே முழுப் பத்மாசனம், அதாவது இரண்டு பாதங்களையும் எதிர்த் தொடைகள்மேல் ஏற்றி இருக்கும் இருப்பு, கட்டிவிடப் பார்க்கிறார்கள். கால் திரும்புவது இடுப்பு மூட்டில். அதுதான் எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் பெரும்பாலும் மடங்கி நிமிரத்தான். இடுப்பு இறுகியிருக்க, பாதத்தைக் கையால் இழுத்துத் தொடையில் ஏற்றினால் முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். உள்ளே இருக்கும் குருத்தெலும்பு கிழியவும் கூடும்.

அரைப் பத்மாசனத்தில் ஒரு பாதம் மட்டும் தொடைமேல், மற்றது கீழே. துவாயை நாலாக மடித்துப் பிட்டத்துக்குக் கீழே வையுங்கள். இடுப்பு உயர, முழங்கால் தானாகத் தாழும், முதுகும் நிமிரும். முழங்கால் அந்தரத்தில் நின்றால் அதற்குக் கீழே ஒரு தலையணை. அப்புறம் கால் மாற்றுங்கள். பிராணாயாமத்துக்கு இந்த இருப்பே தாராளம்.

சின்ன வயதிலிருந்தே பாயில் சப்பாணி கட்டிச் சாப்பிட்டவர்களுக்கு முழுப் பத்மாசனம் லேசாக வரலாம், அவர்கள் செய்யட்டும். கதிரையிலும் மோட்டார் சைக்கிளிலும் நாள் போகிறவர்களுக்கு என் தெரிவு அரைதான். தொடையின் வெளிப்பக்கம் மெல்ல இழுபட்டால் சரி. முழங்காலின் உட்பக்கம் குத்தினால் உடனே காலை இறக்குங்கள், வாத்தியார் முன்னால் நின்றாலும்.