டமொக்சிபெனா, லெட்ரோசோலா? எலும்பு சொல்லும் கணக்கு

மார்பகப் புற்றுநோயின் நோயியல் அறிக்கையில் ‘ஈ.ஆர். பொசிட்டிவ்’ (ஈஸ்ட்ரஜன் வாங்கி உண்டு) என்றிருந்தால், கட்டி ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனின் சமிக்ஞையில் வளர்கிறது. டமொக்சிபென் (20 மி.கி.) கலத்திலுள்ள வாங்கியைப் பிடித்துக்கொண்டு ஈஸ்ட்ரஜனுக்கு இடம் விடாது. லெட்ரோசோல் (2.5 மி.கி.) அரோமற்றேஸ் நொதியத்தை முடக்கி ஈஸ்ட்ரஜன் உருவாவதையே குறைக்கும். இரண்டும் நாளுக்கு ஒரு குளிசை, வழமையாக 5 வருடம்.

மாதவிடாய் நிற்காதவருக்கு லெட்ரோசோலைத் தனியே கொடுத்துப் பயனில்லை. சூலகத்தை அது அடக்காது.

நின்றவருக்கென்றால் என் சாய்வு லெட்ரோசோல் பக்கம். 2015இல் வெளிவந்த பெருந்தொகுப்பாய்வில், லெட்ரோசோல் போன்ற அரோமற்றேஸ் தடுப்பிகளை 5 வருடம் எடுத்தவர்களில் 10 வருடத்துக்குள் மார்பகப் புற்றுநோயால் இறந்தோர் 12.1 சதவீதம், டமொக்சிபெனில் 14.2. டமொக்சிபென் கருப்பையில் ஈஸ்ட்ரஜன் போலவே நடக்கும். கால் நாளத்தில் இரத்தம் உறையும் அபாயத்தையும் கூட்டும். திருகோணமலையிலிருந்து மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இரவு பஸ்ஸில் போகிறவர் இடையிடையே எழுந்து நடக்கவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் அன்றைக்கே காட்டவேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பரொக்செற்றின், புளுஒக்செற்றின் குளிசைகள் டமொக்சிபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். ஏற்கெனவே எடுப்பவர் கிளினிக்கில் சொல்லட்டும்.

ஆனால் லெட்ரோசோலுக்குப் பராமரிப்பு வேண்டும். டமொக்சிபென் இந்த வயதில் எலும்பைக் காக்கும், லெட்ரோசோல் தேய்க்கும். தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கான், பிறகு 1–2 வருடத்துக்கு ஒன்று. அதில் வரும் அடர்த்திக் கணக்கான டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புத் தேய்வு; பெரும்பாலும் எலும்புத் தேய்வைத் தடுக்கும் சொலெட்ரோனிக் அமிலம் 4 மி.கி. 6 மாதத்துக்கொரு முறை ஏற்றுவார்கள். பிடுங்கவேண்டிய பல்லை அதற்கு முன்பே பிடுங்கிவிடுங்கள், பின்னர் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகலாம். கல்சியம் சாப்பாட்டையும் சேர்த்து நாளுக்கு 1200 மி.கி. வேண்டும். முள்ளோடு தின்னும் நெத்தலி நல்லது; கருவாடென்றால் உப்புப் போக ஊறவையுங்கள். கடலில் நீந்துவதை விடக் கோணேசர் மலை ஏறுவதுதான் எலும்புக்கு உதவும்.

லெட்ரோசோலில் பலரைச் சோதிப்பது மூட்டு உளைவு. காலையில் விரல் மடங்காது. சொல்லாமல் குளிசையை விட்டுவிடுவார்கள். அடங்கியிருந்த சமிக்ஞை திரும்பிவிடும். வேறு அரோமற்றேஸ் தடுப்பிகளான அனஸ்ட்ரோசோல் 1 மி.கி. அல்லது எக்செமெஸ்ரேன் 25 மி.கி.க்கு மாற்றினால் சிலருக்கு உளைவு இறங்கும், எல்லோருக்கும் இல்லை.

ஏற்கெனவே எலும்பு முறிந்தவர், டெக்ஸாவுக்கு அலைய முடியாதவர் டமொக்சிபெனில் தொடங்கலாம். 2–3 வருடம் கழித்து அரோமற்றேஸ் தடுப்பிக்கு மாறி 5 வருடத்தை நிரப்புவதும் சோதித்துப் பார்த்த வழிதான்.