முதலில் கணக்கா, கண்ணா?

கேமரா வாங்கியவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான். அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை), ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) என்று அறிவியலில் தொடங்குவதா, ஆட்டோவில் போட்டுவிட்டு வெளிச்சத்தையும் முகங்களையும் பார்த்துப் பழகுவதா? இந்த இழுபறி போட்டோகிராஃபியோடு கூடவே பிறந்தது. 1839-ல் தன் முறையை வெளியிட்ட டாகேர், நாடக மேடைக்குக் காட்சி தீட்டிய ஓவியர். அதே ஆண்டு போட்டிக்கு வந்த டால்பட், கணிதமும் அறிவியலும் படித்தவர். 1833-ல் ஏரிக்கரையில் உட்கார்ந்து எவ்வளவு முயன்றும் படம் வரைய வராத எரிச்சலில்தான், காட்சி தானாகவே காகிதத்தில் பதியாதா என்று யோசிக்க ஆரம்பித்தார்.

அறிவியல் வழியின் பெரிய சௌகரியம், தப்பு எங்கே என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னலுக்கு முன்னால் ஒருவரை உட்காரவைத்து எடுங்கள். முகம் கரியாக விழும். கேமராவில் ஒளியை அளக்கும் மீட்டர், காட்சி முழுக்கச் சராசரியாக நடுத்தர சாம்பல் நிறத்தில் இருப்பதாக நம்புகிறது. ஜன்னல் பளிச்சென்று இருப்பதால் எல்லாவற்றையும் சேர்த்து இறக்கிவிடுகிறது. வெண்பனி அழுக்காகத் தெரிவதும், கறுப்புப் பூனை சாம்பல் பூனையாவதும் இதே கோளாறுதான். காரணம் ஒன்று தெரிந்தால் மூன்று படமும் தேறிவிடும். முகத்துக்கும் பனிக்கும் எக்ஸ்போஷரை, அதாவது பதியும் ஒளியை, ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி) ஏற்றினால் போதும், பூனைக்கு இறக்கினால் போதும். துளையின் அளவைச் சொல்லும் எஃப் எண்களும் அப்படித்தான். 2, 2.8, 4, 5.6 என்று போகையில் துளையின் விட்டம் ஒவ்வொரு படியிலும் சுமார் 1.4 மடங்கு சுருங்குகிறது, பரப்பு பாதியாகிறது, உள்ளே வரும் ஒளியும் பாதியாகிறது. புரிந்தபின் மனப்பாடம் தேவையில்லை.

கலை வழியில் போனவர் அதே ஜன்னலில் எந்த எண்ணையும் தொடமாட்டார். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்புவார். பாதி முகம் ஒளியில், மீதி நிழலில். தலைக்குப் பின்னால் கொம்பு முளைத்ததுபோல் நிற்கும் கதவு விளிம்பைக் கவனித்து ஓரடி நகர்வார். படம் பேச ஆரம்பித்துவிடும். ஆனால் மறுநாள் அந்தி வெளிச்சத்தில் அதே முகம் கலங்கி விழும்போது, ஷட்டர் மெதுவாகிவிட்டது என்பது அவருக்குத் தெரியாது, கேமராவைத்தான் திட்டுவார். இன்னொரு தொல்லையும் உண்டு. கண் பழக வருடங்கள் ஆகும், தப்பைச் சொல்ல எந்த மீட்டரும் கிடையாது.

நான் கணக்குப் பக்கம் போனவன். லென்ஸின் கூர்மையைச் சோதிக்கிறேன் என்று ஒரு வருடம் செங்கல் சுவரையே எடுத்தேன். மூலை வரை துல்லியமான படங்கள். அவற்றில் பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

இரு பக்கத்துக்கும் உதாரணம் தேடினால் கோடு அழிந்துவிடுகிறது. எட்கர்டன் மின் பொறியாளர். நொடியின் மிகச் சிறு பகுதிக்கே எரியும் ஃபிளாஷை வைத்துக்கொண்டு 1930-களிலிருந்தே பால்துளியைத் துரத்தினார். துளி தெறித்துக் கிரீடம்போல் எழும் அந்தப் புகழ்பெற்ற வண்ணப் படம் 1957-ல்தான் அமைந்தது. அது வெறும் அளவீடு என்றால் இத்தனை வருடம் எதற்கு? பத்தொன்பதாம் நூற்றாண்டில் முகங்களைப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கேமரூன் 48 வயதில் கேமராவைத் தொட்டு, மங்கலான ஃபோகஸுக்காகத் திட்டு வாங்கியவர். அவரோ கண்ணாடித் தகட்டில் தானே கொலோடியன் என்ற பசைத் திரவத்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியவர்.

என்னைக் கேட்டால், அறிவியலில் தொடங்குங்கள், ஆனால் மூன்றே பாடம்: மீட்டர் எப்படி ஏமாறுகிறது, ஸ்டாப் என்றால் என்ன, எந்த ஷட்டரில் அசைவு நிற்கும். ஒரு மாதம் போதும். பிறகு ஜூம் இல்லாத ஒரே லென்ஸோடு, ஒரே ஜன்னலைக் காலை, மதியம், சாயங்காலம் எடுத்துப் பாருங்கள். துளை ரொம்பச் சிறுத்தால் படத்தை மழுங்கடிக்கும் டிஃப்ராக்‌ஷனும் லென்ஸின் கூர்மையைக் காட்டும் வரைபடங்களும் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம். செங்கல் சுவர் எங்கேயும் ஓடிவிடாது.