அம்மாபேட்டை வீட்டுப் பதிவு: எங்களுக்கு வாய்த்த பத்திர எழுத்தர்

சேலம் அம்மாபேட்டையில் அம்மா பெயருக்கு ஒரு பழைய வீடு வாங்கினோம், விலை 48 லட்சம். அட்வான்ஸ் கொடுத்ததிலிருந்து சாவி கைக்கு வரும்வரை கூடவே நின்றது அஸ்தம்பட்டி பக்கம் ஒரு சின்ன பத்திர எழுத்தர் அலுவலகம். இரண்டு மேஜை, ஒரு பிரிண்டர், அவ்வளவுதான் இடம். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

முதல் நாளே எழுத்தர் 30 வருட வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்தார். விற்பவர் முன்பு வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடன் அதில் அப்படியே நின்றது. "அதெல்லாம் எப்பவோ கட்டியாச்சுங்க" என்று அவர் பேங்க் கடிதத்தைக் காட்டினார். கடிதம் போதாது, கடன் தீர்ந்ததற்கான ரசீதைப் பதிவு செய்தால்தான் வில்லங்கத்தில் ஏறும், அதுவரை மேற்கொண்டு எழுத மாட்டேன் என்று எழுத்தர் கறாராகச் சொல்லிவிட்டார். 3 வாரம் போனது, எனக்குக் கோபம்கூட வந்தது, ஆனால் எங்களுக்குக் கடன் கொடுக்கும் பேங்க்கின் வக்கீலும் அதே காகிதத்தைத்தான் முதலில் கேட்டார்.

அப்புறம் வரைவு. எங்களை உட்காரவைத்து ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினார், ஒரு மணி நேரம் ஆனது. நான்கெல்லை, அதாவது வீட்டின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்ற பகுதி, வந்ததும் அம்மா நிறுத்தினார்: "கிழக்கால இப்ப அவங்க வீடு இல்லையே தம்பி, சந்துதானே இருக்கு?" பழைய பத்திரத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தார்கள். அங்கேயே திருத்தினார். பழைய சர்வே எண்ணோடு நகர அளவை எண்ணையும் சேர்த்து எழுதினார். வரைவை வாட்ஸ்அப்பில் அனுப்பி ஓகே சொல்லச் சொல்கிற இடங்களும் உண்டு, அங்கே இதெல்லாம் கண்ணில் படாது.

பணக் கணக்கு: முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக எங்களுக்கு 4,32,000 ரூபாய். பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1% குறைவு என்பது 2025 ஏப்ரலில் இருந்து இருக்கிறது, ஆனால் 10 லட்சம் வரையுள்ள சொத்துக்குத்தான். 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவரே விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1% டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்ட வேண்டும். பேங்க் கடன் என்றால் பத்திரங்களை ஒப்படைப்பதற்குத் தனியாக ஒரு பதிவு இருக்கிறது, அந்தச் செலவையும் கையில் வையுங்கள். இதையெல்லாம் அவர் ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டார்.

பதிவு அன்று காலையில் விற்பவருக்குக் கொடுக்க வேண்டிய டிடியைப் பார்த்தால் அவர் பெயரில் இனிஷியல் இல்லை! திரும்ப பேங்க்குக்கு ஓடி, வேறு டிடி வாங்கி வருவதற்குள் எங்கள் டோக்கன் தாண்டிவிட்டது. டிடியில் பெயர் எப்படி இருக்கிறது என்று முதல் நாளே போட்டோ அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். சாட்சிக்கு வந்த மாமாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் மதியம் வரை சாப்பிடாமல் காத்திருந்தார்கள்.

உள்ளே போனதும் அம்மாவின் விரல்ரேகை மெஷினில் விழவில்லை. 20 வருடம் கொலுசுக்கு மெருகு போட்ட கை, பெருவிரல் வழவழவென்று தேய்ந்திருக்கும். அம்மா பயந்துவிட்டார். எழுத்தர் பதறாமல் கைக்குட்டையை நனைத்துத் துடைக்கச் சொல்லி, ஒவ்வொரு விரலாக வைக்கச் சொன்னார், மோதிர விரலில் விழுந்தது. அந்த ஐந்து நிமிடத்துக்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அரை மதிப்பெண் குறைத்தது பதிவுக்குப் பிறகு நடந்ததற்கு. பட்டா மாறுதல் பற்றி நாலு முறை போன் செய்தும் "வந்துரும்ங்க" என்பதோடு சரி, கடைசியில் நானே அலைந்து முடித்தேன். சொத்துவரி, கரண்ட் பில் பெயர் மாற்றமும் நம் வேலைதான். கூலி 9,000 ரூபாய், கேட்காமலே ரசீது கொடுத்தார்கள். முகூர்த்த நாளில் பதிவு அலுவலகங்களில் கூட்டம் நெரிக்கும், நாள் பார்க்காதவர்கள் அன்று போக வேண்டாம்.