யாளிக்கு இறக்கை முளைத்த கதை: வெளிவராத சப்ளிமென்டுக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் படிக்கவும்

போன ஞாயிறு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையாக ஆடும் விளையாட்டு) ஆட்டம் முடிந்து டைஸையெல்லாம் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் குழுவில் பலாடின் என்ற வீரனாக ஆடும் தம்பி போனை நீட்டினான். "அண்ணா, இதப் பாருங்க. அடுத்த வருஷம் வருதாம். இன்னும் பத்து நாள்தான் இருக்கு, போட்டுடலாமா?" இந்த விளையாட்டுக்கான சப்ளிமென்ட், அதாவது துணைப் புத்தகம், ஒன்றின் அழகான அட்டை, பக்கத்தில் முன்பணம் கட்ட நாள் குறைந்துகொண்டே வரும் கணக்கு. மற்ற மூன்று பேரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல மாட்டார்கள். 2023-ல் இதே மாதிரி நான் ஒன்றைக் காட்டித்தான் அவர்களிடம் பணம் வசூலித்தேன். அந்தப் புத்தகம் இன்னும் வரவில்லை.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுபவர்களுக்கு 2023 ஜனவரி மறந்திருக்காது. அந்த விதிகளை வைத்து மற்றவர்களும் புத்தகம் போடலாம் என்று 2000-லிருந்து இருந்துவந்த திறந்த உரிமத்தை மாற்றப் போவதாக ஒரு வரைவு கசிந்தது. ஒரே கொந்தளிப்பு. கடைசியில் விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கம்பெனி இறங்கிவந்து, ஜனவரி 27 அன்று, எஸ்ஆர்டி 5.1 என்ற சுமார் 400 பக்க அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் அதை எடுக்கலாம், அச்சிடலாம், விற்கலாம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கும் அப்போது பெரிய கம்பெனி மேல் கோபம். இனி சின்னப் பதிப்பாளர்களிடம்தான் வாங்குவது என்று ஒரு வைராக்கியம். அந்த நேரம் பார்த்து, மே மாதம், ஒரு கூட்டு நிதித் தளத்தில் (வெளிவரும் முன்பே பலரிடம் பணம் திரட்டும் இணையதளம்) இது கண்ணில் பட்டது. இடைக்கால இந்தியப் பெருங்கடலில் நடக்கும் கதைக்களம்: சோழர் கப்பல்கள், நாகப்பட்டினம், கடாரம், வணிகக் குழுக்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு விதிகளுக்கு, 240 பக்க ஹார்ட்கவர். எல்ஃபும் டுவார்ஃபும் ஆடி ஆடிச் சலித்துப்போன நமக்கு வேறென்ன வேண்டும்? 1025-ல் ராஜேந்திரன் படை கடல் தாண்டிப் போனதை வைத்து ஒரு கேம்பெய்ன், அதாவது பல வாரம் தொடரும் ஆட்டம், நடத்த வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. 'நம்ம ஊர்' என்றதும் புத்தி வேலைநிறுத்தம் செய்துவிட்டது. அட்டையில் இருந்த கப்பல் வைக்கிங் கப்பல் மாதிரி இருந்ததைக்கூடக் கவனித்தேன். சரி, ஓவியர் வெளிநாட்டுக்காரர், போகட்டும் என்று விட்டேன்.

65 டாலர். 2024 மார்ச்சில் வரும் என்றார்கள். பிப்ரவரியில் ஒரு அறிவிப்பு: "அடுத்த மாதம் அனுப்புகிறோம், அனுப்பும் கட்டணம் மட்டும் கட்டிவிடுங்கள்." இந்தியாவுக்கு 38 டாலர். புத்தக விலையில் பாதிக்கு மேல்! ஏற்கெனவே 65 போட்டாயிற்றே என்று அதையும் கட்டினேன். கார்டுக்காரர்களின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேர்ந்து மொத்தம் கிட்டத்தட்ட 8,800 ரூபாய், ஐந்து பேருக்குத் தலைக்கு 1,760.

மார்ச் வந்தது, புத்தகம் வரவில்லை. ஏப்ரலில் "அச்சகத்தில் இருக்கிறது". மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் "அடுத்த மாதம்". ஆகஸ்டில் கதை மாறியது: செப்டம்பரில் விளையாட்டின் அடிப்படை விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் புதிதாக வருகிறதாம், அதற்கேற்ப விதிகளைத் திருத்துகிறார்களாம். அச்சகத்தில் இருக்கும் புத்தகத்தை எப்படி ஐயா திருத்துவீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எழுதியே முடிக்கவில்லை என்று.

வங்கிக்குப் போன் செய்தது செப்டம்பரில். இங்கேதான் நான் பெரிய தப்பு செய்திருக்கிறேன், நீங்களாவது பார்த்துக்கொள்ளுங்கள். பொருள் வரவில்லை என்று விசா கார்டில் புகார் கொடுக்கப் பொதுவாக, வர வேண்டிய தேதியிலிருந்து 120 நாள்தான் அவகாசம். எப்படிப் பார்த்தாலும் பணம் போன நாளிலிருந்து 540 நாளைத் தாண்டக் கூடாது. மார்ச் 31-லிருந்து 120 நாள் என்றால் ஜூலையோடு சரி. மூன்று மாதம் வரிசையாக "அடுத்த மாதம்" என்று சொன்னது தற்செயலா, கணக்குப் போட்டா, எனக்குத் தெரியாது. வங்கியில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், நீங்க ஜூலையிலயே கூப்பிட்டிருக்கணும்" என்றார்.

2025 ஜனவரியில் பிடிஎஃப் வந்தது. 148 பக்கம். முதலில் விலங்குகள் பகுதிக்குப் போனேன், யாளியைப் பார்க்க. 59 ஹிட் பாயின்ட் (எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கு), பறக்கும் வேகம் 80 அடி. யாளி எப்போது பறந்தது? ஸ்ரீரங்கத்துத் தூணில் நிற்கும் யாளிக்கு இறக்கை பார்த்தவர் யாராவது உண்டா? சந்தேகப்பட்டு எஸ்ஆர்டியைத் திறந்தேன். அதே 59, அதே 80, கிரிஃபன் (கழுகுத் தலையும் சிங்க உடலும் இறக்கையும் உள்ள மேற்கத்தியக் கதை மிருகம்). எழுத்துக்கு எழுத்து கிரிஃபன், பெயர் மட்டும் யாளி. மோகினி யார் தெரியுமா? சக்யூபஸ் என்ற மேற்கத்திய மயக்குப் பேய், 66 ஹிட் பாயின்ட். பூதம், 105 பாயின்ட் ஹில் ஜயன்ட் என்ற மலை அரக்கன். அன்று ராத்திரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மந்திரங்கள், பொருள் பட்டியல், விலங்குகள் என்று 61 பக்கம் இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டியிலிருந்து எடுத்தது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூலத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள், அதனால் சட்டப்படி தப்பில்லை. நான் காசு கொடுத்து வாங்கியது சும்மா கிடைப்பதை, அவ்வளவுதான். மீதிப் பக்கங்களில் படங்கள் அதிகம். வரைபடத்தில் நாகப்பட்டினம் மேற்குக் கரையில் இருக்கிறது. கப்பல் போர் விதிகள், அதுதான் நான் வாங்கியதற்கே காரணம், ஒன்றரைப் பக்கம். புதிய பதிப்புக்கேற்ற திருத்தம் ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஏப்ரலில் கடைசி அறிவிப்பு. அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு 145 சதவீதம் வரை வரி ஏற்றிய சமயம். "இந்த வரியால் அச்சிட்ட புத்தகத்தை இறக்க முடியவில்லை" என்றார்கள். பலகை விளையாட்டுப் பெட்டிகள் போடுபவர்களுக்கு அந்த வரி நிஜமான அடிதான், மறுக்கவில்லை. ஆனால் அச்சிட்ட புத்தகத்துக்கு அதில் விலக்கு இருந்தது. இதைக் கேட்டு எழுதினேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் மௌனம்.

பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்பீர்கள். சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒருவரைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்துவிடுவீர்கள்.

இப்படிப் பணம் போட்டு வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பேராசிரியர் ஈதன் மாலிக் 2015-ல் செய்த ஆய்வில், கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தில் நிதி திரண்ட திட்டங்களில் சொன்னதைத் தராதவை சுமார் 9 சதவீதம்தான். ஆனால் அந்த 9-ல் மாட்டினால் கேட்க ஆள் கிடையாது. 2012-ல் அமெரிக்காவில் ஒருவர் பலகை விளையாட்டு ஒன்றுக்கு 1,22,000 டாலருக்கு மேல் திரட்டி, வாடகைக்கும் வீடு மாறுவதற்கும் செலவழித்தார் என்று 2015-ல் நுகர்வோர் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. கூட்டு நிதி விஷயத்தில் அவர்களுடைய முதல் வழக்கு அது. 1,11,793 டாலர் கட்ட உத்தரவு வந்தது, அவரிடம் பணமில்லை என்று அதையும் நிறுத்திவைத்தார்கள். அமெரிக்க அரசுக்கே அந்தக் கதி என்றால் சென்னையிலிருந்து நான் எழுதும் மின்னஞ்சலுக்கு என்ன மதிப்பு.

அதனால் பலாடினிடம் நான் சொன்னது இதுதான். படத்தைப் பார்க்காதே, எழுதி முடித்துவிட்டார்களா என்று கேள். முடித்திருந்தால் ஒரு முழு அத்தியாயத்தைக் காட்ட அவர்களுக்கு என்ன கஷ்டம்? காட்டினால் அதில் ஒரு விலங்கை எடுத்து எஸ்ஆர்டியோடு ஒப்பிட்டுப் பார், ஐந்து நிமிட வேலை. அவர்களுடைய பழைய திட்டத்துப் பக்கத்தில் பணம் போட்டவர்கள் கடைசியாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படி. இந்தியாவுக்கு அனுப்ப எவ்வளவு என்று இப்போதே சொல்லாதவர்களிடம் ஹார்ட்கவர் வேண்டாம். எந்தப் பதிப்பு விதிகளுக்கு, 2014-ஆ 2024-ஆ, இரண்டுக்கும் பொருந்தும் என்று மழுப்பினால் எப்படி என்று கேள். இதெல்லாம் சிரமம் என்றால் சும்மா இரு. பெரும்பாலான சின்னப் பதிப்பாளர்கள் புத்தகம் முடிந்ததும் பிடிஎஃப்பை டிரைவ்த்ரூஆர்பிஜி என்ற இணையக் கடையில் போட்டுவிடுவார்கள். சில டாலர் கூட இருக்கும், ஆனால் நாலு பேர் படித்துக் கருத்துச் சொன்ன பிறகு வாங்கலாம்.

அப்புறம், அதை நாம் எப்போது ஆடப் போகிறோம் என்றும் கேட்டேன். இப்போது ஓடும் கேம்பெய்ன் முடிய இன்னும் ஒரு வருஷமாவது ஆகும். அவன் யோசித்துவிட்டு, "அத்தியாயம் கேட்டு எழுதுறேன் ணா" என்றான். வியாழக்கிழமை பதில் வந்திருக்கிறது, 26 பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். படித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தியப் பெருங்கடல் புத்தகத்துக்குப் பணம் போட்ட வேறு யாராவது இதைப் படித்தால், எந்தப் புத்தகம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். உங்களுக்கு ஹார்ட்கவர் வந்ததா? வந்திருந்தால் வரைபடப் பக்கத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். நாகப்பட்டினத்தைக் கிழக்கே கொண்டுவந்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும்.